இருபத்துமூன்றாவது உதை

டாக்காவில், கமலாபூர் ரயில் நிலையம் இருக்கும் பகுதியில், 1971 போரில் உயிர்விட்ட சிப்பாய் முஸ்தஃபா கமாலின் பெயரைத் தாங்கிய விளையாட்டரங்கம் ஒன்று இருக்கிறது. செயற்கைப் புல் விரித்த தரை. 2024 பிப்ரவரி 8 அன்று இரவு, பத்தொன்பது வயதைத் தாண்டாத 22 பெண்கள் அந்தத் தரையில் ஒருத்தி மாற்றி ஒருத்தியாக நடந்துவந்து, பந்தைப் புள்ளியில் வைத்து உதைத்தார்கள். 22 முறையும் பந்து வலைக்குள் போனது. ஒரு பக்கம் இந்தியா, மறுபக்கம் வங்கதேசம். 11-11. அதற்குப் பிறகு ஒரு நாணயத்தைச் சுண்டினார்கள்.

தெற்காசியப் பெண்கள் கால்பந்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் எனக்கு முதலில் அந்த நாணயம்தான் நினைவுக்கு வருகிறது. அது வருத்தமாகவும் இருக்கிறது. நினைவில் நிற்கவேண்டியது அந்த ஆட்டம்.

தெற்காசியக் கால்பந்து சம்மேளனம் நடத்தும் இளையோர் போட்டிகளில் ஒன்று அது: 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான சாம்பியன்ஷிப். இந்தியா, வங்கதேசம், நேபாளம், பூட்டான் என நான்கே அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற மூன்றுடனும் மோதி, முதல் இரண்டு இடம் பிடிப்பவை இறுதிக்குப் போகவேண்டும். இந்தியா பூட்டானை 10-0 என்று வென்றது, நேபாளத்தை 4-0 என்று வென்றது. ஒரே வாரத்தில் முடிந்த போட்டி. பத்து கோல் வாங்கிய ஒரு பெண் அடுத்த ஆட்டத்துக்கு மறுபடியும் காலுறை மாட்டிக்கொண்டு வருகிறாள் என்பதை நான் சின்ன விஷயமாக நினைப்பதில்லை. ஆனால் இந்தக் கட்டுரை பூட்டான் பெண்களைப் பற்றியதல்ல; அவர்களைப் பற்றி யாராவது தனியாக எழுதவேண்டும்.

லீக் சுற்றில் இந்தியாவை வங்கதேசம் 1-0 என்று வென்றிருந்தது. ஆட்டம் முடியும் தறுவாயில், இஞ்சுரி டைமில், சாகரிகா என்ற பெண் அடித்த கோல். நான்கு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் அதே இரு அணிகள். எட்டாவது நிமிடத்திலேயே மணிப்பூரைச் சேர்ந்த ஷிபானி தேவி இந்தியாவுக்குக் கோல் அடித்துவிட்டாள். அதற்குப் பிறகு எண்பத்தைந்து நிமிடங்கள் வங்கதேசப் பெண்கள் ஒரு கோலைத் துரத்தினார்கள். சொந்த ஊர், சொந்தக் கூட்டம், மேலே விளக்குகள். தொண்ணூறு நிமிடம் முடிந்து மூன்றாவது நிமிடம், மறுபடியும் சாகரிகா. 1-1.

கூடுதல் அரைமணி நேரம் கிடையாது. நேராகப் பெனால்டிதான்.

பெனால்டிப் புள்ளியிலிருந்து கோல் கோடு 11 மீட்டர். எழுதினால் எளிதாகத் தெரியும் தூரம். உலகெங்கும் தேர்ந்த ஆட்டக்காரர்கள் அடிப்பதில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வீணாகிறது என்பது பொதுக்கணக்கு. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒரு பென்சிலால் பெருக்கிப் பார்த்தேன். 22 உதைகள் தொடர்ந்து உள்ளே போவதற்கான வாய்ப்பு சுமார் 560-இல் ஒன்று. அதற்கு ஆறு மாதங்களுக்கு முன் பிரிஸ்பேனில் உலகக் கோப்பைக் காலிறுதியில் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் 20 உதைகள் வரை போனார்கள். உலகக் கோப்பை வரலாற்றிலேயே நீண்ட பெனால்டிச் சுற்று அது. அங்கே உலகின் மிகச் சிறந்த பெண்கள் அடித்தார்கள். 7-6 என்று முடிந்தது. அப்படியென்றால் ஏழு பேர் தவறவிட்டிருக்கிறார்கள். கமலாபூரில் ஒருத்தியும் தவறவிடவில்லை.

பதினோரு பேரும் அடிக்கவேண்டும் என்றால் கோல்கீப்பர்களும் அடிக்கவேண்டும். அந்த இருவரைப் பற்றி நான் அதிகம் யோசித்திருக்கிறேன். பெனால்டிச் சுற்றில் மற்றவர்கள் எல்லோரும் நடு வட்டத்தில் தோளோடு தோள் சேர்த்து நிற்பார்கள். கோல்கீப்பர்கள் இருவர் மட்டும் தனியே. ஒருத்தி கம்பங்களுக்கு நடுவில். மற்றவள் பெனால்டிப் பகுதியின் கோடும் கோல் கோடும் சேரும் மூலையில், தன் அணித்தோழி அடிப்பதைப் பார்த்தபடி. ஓர் உதை முடிந்ததும் இருவரும் இடம் மாறவேண்டும். எதிரெதிரே வந்து, ஒருவரையொருவர் கடந்து போகவேண்டும். அந்த இரவு அப்படி மாறி மாறி நடந்தார்கள். ஒவ்வொரு முறையும் ஒருத்தி தோற்றுத் திரும்புகிறாள், மற்றவள் தோற்கப் போகிறாள். உதைத்தவர்கள் யாரும் தோற்கவில்லை என்று நாம் மகிழ்ந்து எழுதும்போது அந்த இருவரும் ஆளுக்குப் பதினொரு முறை பாய்ந்து, பதினொரு முறை வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்தார்கள் என்பது விட்டுப்போகிறது.

சரி, 11-11. இனி என்ன?

கால்பந்தின் சட்டப் புத்தகத்தில் இதற்குப் பதில் இருக்கிறது. குழப்பமே இல்லாத பதில். எல்லோரும் ஒரு முறை அடித்து முடித்தும் சமநிலை என்றால் மறுபடியும் முதலிலிருந்து அடிக்கவேண்டும். இரண்டாவது சுற்றில் யார் முதலில், யார் பிறகு என்ற வரிசையை அணிகள் மாற்றிக்கொள்ளலாம். ஒருத்தி தவறவிடும்வரை போகும். நடுவர் அதைத்தான் செய்யப் போனார். அப்போது மேட்ச் கமிஷனர் குறுக்கிட்டார். டாஸ் போட்டு வெற்றியாளரை முடிவு செய்யச் சொன்னார். இரு கேப்டன்களும், இந்தியாவின் நீத்து லிண்டாவும் வங்கதேசத்தின் அஃபெய்தா கந்தகரும், நடுவரிடம் வந்தார்கள். நாணயம் மேலே போனது. இந்தியாவின் பக்கம் விழுந்தது.

இந்தியப் பெண்கள் ஓடினார்கள், கட்டிப்பிடித்தார்கள், ஆடினார்கள். அவர்களைக் குறை சொல்ல என்னால் முடியாது. பெரியவர்கள் வைத்த விதி என்று நம்பினார்கள். வென்றுவிட்டீர்கள் என்று அவர்களிடம் சொன்னார்கள், வென்றோம் என்று எடுத்துக்கொண்டார்கள். பதினேழு வயதில் வேறென்ன செய்யமுடியும்?

வங்கதேசப் பெண்கள் மைதானத்தை விட்டு நகர மறுத்தார்கள். கூட்டத்திலிருந்து பாட்டில்கள் பறந்து வந்து விழுந்தன. வாதம், தொலைபேசி, விதிப்புத்தகம். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் மேட்ச் கமிஷனர் தன் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். போட்டியின் விதிகளில் டாஸுக்கு இடமில்லை, பெனால்டி தொடரும் என்று அறிவித்தார். இந்திய அணி அதற்குள் களத்தை விட்டுப் போயிருந்தது. திரும்பி வர மறுத்துவிட்டது. இன்னும் காத்திருப்பு. நள்ளிரவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் இரு அணிகளும் கூட்டுச் சாம்பியன்கள் என்றார்கள்.

தமிழில் நாம் ‘பூவா தலையா’ என்கிறோம். பிள்ளைகள் கிட்டி அடிப்பதற்கு முன் யார் முதல் என்று முடிவு செய்யும் வழி அது. கால்பந்திலும் நாணயத்தின் இடம் அதுதான்: எந்தப் பக்கக் கோல், யார் முதல் உதை. தொடங்கி வைப்பதற்கு உரியது. முடித்து வைக்க நம்மிடம் வேறு வழக்கங்கள் உண்டு. திருவுளச் சீட்டுப் போடுவோம். கோயிலில் பூக்கட்டிப் பார்ப்போம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், எடுப்பது ஒரு குழந்தை. அதில் வரும் முடிவைக் குடும்பமே ஏற்றுக்கொள்கிறது. ஏன் ஏற்றுக்கொள்கிறது என்றால், பொட்டலத்தைக் கட்டுவதற்கு முன்பே எல்லோரும் வாய்விட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்: எது வந்தாலும் சரி. அந்த ஒப்புதல் இல்லாமல் யாராவது பூவைக் கட்டிக்கொண்டு வந்து ‘எடு’ என்றால் அதற்குப் பெயர் திருவுளம் இல்லை. கமலாபூரில் அந்தப் பெண்களிடம் யாரும் முன்கூட்டி ஒப்புதல் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. கால்பந்து இந்த நாணயத்தை ஏற்கனவே ஒருமுறை வைத்திருந்து, வெட்கப்பட்டுத் தூக்கி எறிந்திருக்கிறது. 1965 மார்ச்சில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் லிவர்பூலும் கொலோனும் இரண்டு ஆட்டங்கள் ஆடியும் முடிவு வராமல், மூன்றாவதாக ரோட்டர்டாமில் ஆடி, அதுவும் 2-2 என்றாகி, ஒரு வட்டத் தகட்டைச் சுண்டிப் போட்டார்கள். தகடு சேற்றில் செங்குத்தாகக் குத்திக்கொண்டு நின்றது. மறுபடி சுண்டினார்கள், லிவர்பூல் போனது. 1968 ஜூன் 5, நேப்பிள்ஸ். ஐரோப்பிய சாம்பியன்ஷிப் அரையிறுதி, இத்தாலியும் சோவியத் யூனியனும். 120 நிமிடம், ஒரு கோலும் இல்லை. இரு கேப்டன்களும் நடுவரோடு உள்ளே போனார்கள். அரங்கம் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இத்தாலிக் கேப்டன் ஃபக்கெட்டி பூ கேட்டார், பூ விழுந்தது, கைகளை உயர்த்தியபடி ஓடிவந்தார். இத்தாலி பிறகு கோப்பையையும் வென்றது. சோவியத் அணி அந்த அரையிறுதியில் ஒரு கோல்கூட வாங்காமல் இறுதி வாய்ப்பை இழந்தது.

அதே வருடம் மெக்சிகோ ஒலிம்பிக்கில் இஸ்ரேல் அணி பல்கேரியாவிடம் சீட்டுக் குலுக்கலில் வெளியேறியது. அதைப் பார்த்து மனம் பொறுக்காத யோசெஃப் தாகன் என்ற இஸ்ரேலியர்தான், இப்படி முடிப்பதற்குப் பதில் ஆளுக்கு ஐந்து பெனால்டி அடிக்கவிட்டால் என்ன என்று யோசனை சொன்னவர்களில் முக்கியமானவர். 1970 ஜூனில் கால்பந்துச் சட்டங்களை வகுக்கும் சர்வதேச வாரியம் அதை ஏற்றுக்கொண்டது. பெனால்டிச் சுற்றைச் சூதாட்டம் என்று பலர் திட்டுவார்கள். அவர்கள் அது எதற்குப் பதிலாக வந்தது என்பதை மறந்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன். ஆட்டத்தின் முடிவு ஆடுகிறவர்களின் காலில் இருக்கட்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு அது. ஃபக்கெட்டியின் நாணயத்திலிருந்து 56 வருடங்கள் கழித்து, அதே நாணயத்தைப் பதினெட்டு வயதுப் பெண்களுக்கு முன் எடுத்து நீட்டினார்கள்.

ஏன் நீட்டினார்கள்? ஒரு மனிதரின் ஒரு கணத் தவறு என்று சொல்லி முடித்துவிடலாம். அவர் ஒப்புக்கொண்டார், திருத்திக்கொண்டார். எல்லோருக்கும் அந்தக் குணம் இருப்பதில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. எனக்கு உறுத்துவது அந்தக் கணத்தில் அந்தக் கை அங்கே போனதுதான். 11-11 என்று பலகையில் பார்த்ததும், ‘இது முடியாது போலிருக்கிறதே’ என்று தோன்றியிருக்கிறது. முடியும். எப்போதும் முடிந்திருக்கிறது. 2005-இல் நமீபியக் கோப்பை இறுதியில் 48 உதைகள் போனது, 17-16 என்று முடிந்தது. கமலாபூருக்கு மூன்று மாதம் கழித்து, அந்த மே மாதம், இஸ்ரேலில் இரண்டு கீழ்நிலைக் கிளப்புகள் 56 உதைகள் அடித்தன, 23-22. யாரும் நாணயம் தேடவில்லை. யாரோ ஒருவருடைய கால் தளர்கிறது, யாரோ ஒருவருடைய கை நீள்கிறது. அதுவரை உட்கார்ந்திருந்து பார்க்கவேண்டும், அவ்வளவுதான். ஆடவர் கோப்பை இறுதி ஒன்றில், பெரிய அரங்கில், பத்து கேமராக்களுக்கு முன் இருபத்திரண்டு பேரும் அடித்து முடித்திருந்தால் எந்த அதிகாரியும் நாணயத்தை நினைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்த இரவைப் பற்றி நூற்றாண்டுக்கும் பேசுவார்கள். பெண்கள், அதிலும் இளையோர் என்றால், எப்படியாவது முடித்துக் கோப்பையைக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்ற அவசரம் நம் நாடுகளில் இருக்கிறது. அந்த அவசரம் யாருடைய தனிச்சொத்தும் இல்லை.

இந்தப் போட்டியின் பெயரையே பாருங்கள். 2018-இல் பூட்டானில் தொடங்கியபோது 18 வயதுக்குட்பட்டோர். 2021-இல் 19. 2022-இல் ஜம்ஷெட்பூரில் மறுபடி 18. 2023-இல் 20. 2024-இல் 19. 2025-இல் 20. ஆசியத் தகுதிச் சுற்றுகளுக்கு ஏற்ப மாற்றுவார்கள், காரணம் புரிகிறது. ஆனாலும் ஒரு பெண்ணின் பக்கத்திலிருந்து பார்த்தால் ஒவ்வொரு வருடமும் வாசல் நிலையின் உயரம் மாறுகிறது. இந்த வருடம் நுழையலாம், அடுத்த வருடம் தலை இடிக்கும், அதற்கடுத்த வருடம் மறுபடி நுழையலாம். ‘அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம்’ என்று அவளிடம் யாரும் உறுதியாகச் சொல்லமுடியாது.

வங்கதேசத்தில் இருபது முதல் இருபத்துநான்கு வயதுக்குள் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பாதிப்பேர் பதினெட்டு வயதுக்கு முன்பே கல்யாணமானவர்கள் என்று யுனிசெஃப் கணக்கு சொல்கிறது. அந்த வயதில், அந்த நாட்டில், அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு இரவு விளக்குக்குக் கீழே பந்து உதைக்கும் ஒவ்வொரு பெண்ணும் ஒரு முழு ஊரோடு வழக்காடிவிட்டு வந்திருக்கிறாள். சாகரிகா வடமேற்கு மூலையில், தாக்குர்காவ் மாவட்டத்தில், ராணிசங்கைல் பக்கத்தில் பிறந்தவள். அப்பா டீக்கடை வைத்திருப்பவர். பெண் பந்தாடுவதை அவர் முதலில் விரும்பவில்லை. அக்கம்பக்கத்துப் பேச்சைத் தாங்குவது டீக்கடைக்காரருக்கு இன்னும் கஷ்டம், ஊரே அவர் பெஞ்சில்தான் உட்கார்ந்து பேசும். அந்தப் பெண் நான்கு நாள் இடைவெளியில் இரண்டு முறை கடைசி மூச்சில் கோல் அடித்திருக்கிறாள். கடிகாரம் முடிந்துவிட்டது என்று மற்றவர்கள் நினைக்கும் நேரத்தில்தான் அவளுக்கு ஆட்டம் தொடங்குகிறது. அப்படிப்பட்டவளின் அணியிடம்தான் ‘போதும், நேரமாகிவிட்டது’ என்று நாணயத்தைக் காட்டினார்கள்.

வங்கதேசப் பெண்கள் கால்பந்தின் கதை பெரும்பாலும் கொல்சிந்தூரில் தொடங்குகிறது. மைமென்சிங் மாவட்டத்தில், மேகாலயாவின் காரோ மலைகள் கண்ணுக்குத் தெரியும் எல்லையோரக் கிராமம். 2011-இல் அரசு தொடக்கப்பள்ளிச் சிறுமிகளுக்காக நாடு முழுக்கப் பந்துப் போட்டி ஒன்றை ஆரம்பித்தது. கொல்சிந்தூர் பள்ளி அதில் திரும்பத் திரும்ப வென்றது. பள்ளி ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். சிறுமிகள் வெறுங்காலோடு ஆடினார்கள். மரியா மாந்தா, சஞ்சிதா அக்தர், தஹுரா காத்தூன் என்று பின்னாளில் நாடறிந்த பெயர்கள் எல்லாம் அந்த ஒரே பள்ளியின் வருகைப் பதிவேட்டில் இருந்தவை. அந்தப் பெண்கள் வென்றதற்குப் பரிசாகத்தான் அந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. பந்து உதைத்து ஊருக்கு விளக்குப் போட்ட பிள்ளைகள். 2022-இல் காட்மாண்டுவில் அவர்கள் பெரியோர் தெற்காசியக் கோப்பையை முதல்முறை வென்று திரும்பியபோது டாக்கா வீதிகளில் மேல்தளம் திறந்த பேருந்தில் ஊர்வலம் போனார்கள். சாலையோரம் மனிதச் சுவர்.

எல்லைக்கு இந்தப் பக்கமும் கதை வேறல்ல. ஷிபானி கோல் அடித்தபோது மணிப்பூர் கலவரத்தில் எரியத் தொடங்கி ஒன்பது மாதங்கள் ஆகியிருந்தன. ஜார்க்கண்டின் கும்லா மாவட்டத்தில் ஒரு பெண், அஸ்தம் ஒராவ்ன், 2022-இல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினாள். அவளுக்கு மரியாதை செய்ய அவள் வீட்டுக்கு அரசு சாலை போட்டது. அந்தச் சாலை வேலையில் அவளுடைய அம்மாவும் அப்பாவும் தினக்கூலிக்கு மண் சுமந்தார்கள். நீத்து லிண்டாவும் ஜார்க்கண்ட்தான். இரு அணிகளையும் கலைத்துவிட்டு ஒரே வரிசையில் நிற்கவைத்தால், யார் எந்த நாடு என்று அவர்கள் வீட்டு அடுப்பை வைத்துச் சொல்லமுடியாது. இப்படிப்பட்ட இருபத்திரண்டு பேர் ஒரு இரவு முழுக்கச் சமமாக நின்றார்கள். அதில் பாதிப்பேரை நாணயம் அழவைத்தது; நாணயத்தைத் திரும்பப் பெற்றது மீதிப் பாதியை.

காத்திருக்கத் தெரியாதவர்கள் நாம் என்று சொல்லவும் முடியவில்லை. 2015 ஏப்ரலில் காட்மாண்டுவில் 14 வயதுக்குட்பட்ட சிறுமிகளுக்கான ஆசியப் பிராந்திய சாம்பியன்ஷிப் நடந்தது. நேபாளமும் வங்கதேசமும் இறுதிக்கு வந்துவிட்டன. ஆட்டம் நடப்பதற்குள் ஏப்ரல் 25 வந்தது. 7.8 அளவு. ஏறத்தாழ ஒன்பதாயிரம் பேர் இறந்த நிலநடுக்கம். அந்த நாட்களில் கொல்சிந்தூர்ச் சிறுமிகளும் அந்த நகரத்தில் இருந்தார்கள். பந்தாட வந்த இடத்தில் வெட்டவெளியில் ராத்தங்கவேண்டி வந்தது. பிறகு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் ஒரு சிறுமியர் இறுதி ஆட்டத்தை யார் நினைவில் வைத்திருக்கமுடியும்? கூட்டுச் சாம்பியன்கள் என்று அறிவித்திருந்தால் உலகத்தில் ஒருவரும் கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள். நாணயம் சுண்டியிருந்தால்கூட யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். ஆனால் எட்டு மாதங்கள் காத்திருந்தார்கள். டிசம்பரில் அதே நாட்டுக்கு, இடிபாடுகளுக்கு நடுவே, அந்தச் சிறுமிகளை மறுபடி அழைத்து, விட்ட இடத்திலிருந்து ஆடவைத்தார்கள். வங்கதேசம் வென்றது. நேபாளச் சிறுமிகள் தோற்றார்கள், ஆடித் தோற்றார்கள்.

இந்தச் செய்தியை நான் முதலில் அறிந்தபோது நெடுநேரம் வேறெதையும் படிக்கமுடியவில்லை. யாரோ ஒரு அதிகாரி, எந்த அலுவலகத்திலோ, அவ்வளவு சாவுக்கும் இடிபாட்டுக்கும் பிறகு, கோப்பு ஒன்றைத் திறந்து ‘அந்தப் பிள்ளைகளின் இறுதி ஆட்டம் பாக்கி இருக்கிறதே’ என்று நினைத்திருக்கிறார். அந்த நினைப்புக்கு நான் தலைவணங்குகிறேன். கமலாபூரில் தேவைப்பட்டது எட்டு மாதங்கள்கூட இல்லை. இன்னும் பத்து நிமிடம்.

கூட்டுச் சாம்பியன்கள் என்பது நியாயமான முடிவுதானே என்று நண்பர் ஒருவர் கேட்டார். 11-11 என்பதற்கு அதைவிடப் பொருத்தமான பட்டம் எது என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். எண்ணிக்கைக்குப் பொருத்தம்தான். ஆனால் அந்தப் பட்டம் அந்தப் பெண்களின் சமத்துவத்தைப் பார்த்து வழங்கியது இல்லை. அதிகாரிகளின் சிக்கலைப் பார்த்து வழங்கியது. பட்டம் அறிவிக்கப்பட்டபோது இரு அணிகளும் ஒன்றாக மைதானத்தில் நிற்கவில்லை. நடு வட்டத்தில் தோள்சேர்த்து நின்ற பெண்கள் எதிரெதிர் முகாம்களாகப் பிரிந்துவிட்டிருந்தார்கள். ஒரே கோப்பையை இரண்டு கேப்டன்கள் ஆளுக்கொரு கைப்பிடியாகத் தூக்கிப் பிடித்திருந்தால் நான் நண்பரோடு ஒத்துப்போயிருப்பேன்.

இந்தியப் பெண்கள் திரும்பி வந்திருக்கவேண்டுமா? இதை நான் பலமுறை எனக்குள்ளே விசாரித்திருக்கிறேன். வரவில்லை என்பதற்காக அவர்களைப் பழிக்கமாட்டேன். வென்றாய் என்று சொல்லி, கழுத்தில் மாலை விழுவதற்குள், வா, மறுபடி அடி என்பது எந்தப் பிள்ளைக்கும் நேரக்கூடாதது. பாட்டில் வந்து விழுந்த மைதானம் வேறு. திரும்புவதா வேண்டாமா என்பதைப் பிள்ளைகளா முடிவு செய்திருப்பார்கள்? ஆனால் அவர்கள் வந்திருந்தால் என்ற ஆசை எனக்கு இருக்கிறது. பதினொன்றில் பதினொன்று அடித்தவர்களுக்குப் பன்னிரண்டாவதைப் பார்த்து என்ன பயம்? அவர்கள் அடிக்கக்கூடியவர்கள். அதை நிரூபிக்கும் சந்தர்ப்பத்தையும் சேர்த்தே அந்த நாணயம் கொண்டுபோய்விட்டது.

எல்லோரையும்விட அதிகம் இழந்தவர்கள் அந்த இரண்டு கோல்கீப்பர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. உதைத்தவர்களுக்கு ஆளுக்கொரு கோல் கணக்கில் இருக்கிறது. கோல்கீப்பர்களுக்கும் அது இருக்கிறது. ஆனால் அவர்களுடைய வேலை அது இல்லையே. பதினொரு முறை தவறான பக்கம் பாய்ந்தவளுக்கு, அல்லது சரியான பக்கம் பாய்ந்தும் விரல் எட்டாதவளுக்கு, பன்னிரண்டாவது முறை என்பது ஒரு செல்வம். அதற்குள் எதிரே வருபவளின் ஓட்டம் பழகியிருக்கும். எந்தத் தோள் சாய்கிறது, எந்தக் கால் ஊன்றுகிறது என்று தெரிந்திருக்கும். இரண்டாவது சுற்று வந்திருந்தால் இருவரில் ஒருத்தி ஒரு பந்தைத் தட்டியிருப்பாள். அது எந்த நாட்டுப் பெண் என்பது எனக்கு முக்கியமாகத் தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து, மார்ச் 10, நேபாளம். 16 வயதுக்குட்பட்ட பெண்களின் தெற்காசிய இறுதி. மறுபடி இந்தியா, வங்கதேசம். மறுபடி 1-1. மறுபடி கூடுதல் நேரம் இல்லாமல் பெனால்டி. பிப்ரவரி இரவை மறக்காத எல்லோருக்கும் நெஞ்சு கொஞ்சம் படபடத்திருக்கும். இம்முறை யாரும் குறுக்கே வரவில்லை. சிறுமிகள் வந்தார்கள், அடித்தார்கள், சிலர் தவறவிட்டார்கள், அழுதார்கள். வங்கதேசத்தின் கோல் கம்பங்களுக்கு நடுவில் யார்ஜான் பேகம் நின்றாள். ஒன்றைத் தடுத்தாள். இன்னொன்றைத் தடுத்தாள். மூன்றாவதையும் தடுத்துவிட்டு, எழுந்து, எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் நின்றவளை நோக்கி நடு வட்டத்திலிருந்து எல்லோரும் ஓடிவந்தார்கள். 3-2.